பத்தவெச்ச இடத்தைப் பாரு

மச்சினன் கல்யாண வரவேற்பு ஏற்காட்டில் நடந்தது. 2017, நவம்பர் மாதம். இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி முடிப்பதற்குள் தூறல் பிடித்துவிட்டது. ரூமில் கோட்டு சூட்டு மாட்டிக்கொண்டு, 2012இல் என் கல்யாணத்துக்கு வாங்கிய கருப்பு ஷூவை அட்டை டப்பாவில் இருந்து வெளியே எடுத்தேன். வாங்கியதில் இருந்து மூன்று முறை போட்டிருந்தால் அதிகம். முகம் பார்க்கலாம் போலப் பளபளத்தது. காலில் மாட்டிக்கொண்டு கம்பீரமாகத்தான் கிளம்பினேன்.

மண்டபத்துக்குள் பின்னாலேயே வந்த மச்சினியின் மகள், அப்போது ஐந்து வயது, "பெரியப்பா, உங்க காலுல இருந்து கருப்பா என்னமோ கொட்டிக்கிட்டே வருது" என்றாள். திரும்பிப் பார்த்தேன். வாசலில் இருந்து நான் நடந்து வந்த வழி முழுக்க, சிவப்புக் கம்பளத்தின் மேல், ராகிப் புட்டை உதிர்த்துவிட்டது போலக் கருப்புத் துகள்கள். சரி, எதையோ மிதித்துவிட்டோம் என்று நினைத்து மேடை ஏறினேன். இரண்டாவது படியில் வலது ஷூவின் அடிப்பாகம் நின்றுவிட்டது. நான் மட்டும் மேலே போய்விட்டேன். போட்டோகிராபரிடம் காதோடு காதாக, "தம்பி, முழங்காலுக்கு மேல மட்டும் எடுப்பா" என்று சொன்னது இன்றைக்கும் வீட்டில் ஓடும் கதை.

மறுநாள் சேலத்துக்கு வந்ததும், பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கம் வழக்கமாகப் போகும் செருப்புத் தைக்கும் அண்ணனிடம் அந்த இரண்டையும் பையில் போட்டு எடுத்துப் போனேன். தைத்தால் சரியாகிவிடும் என்ற நினைப்பு. அவர் மிச்சம் இருந்த சோலைக் கட்டைவிரலால் அழுத்தினார். பிஸ்கட் போல நொறுங்கியது.

"இது தெக்கற ஷூ இல்ல சார், ஒட்டற ஷூ. பேஸ்டிங். ஒட்டுனதுகூட அப்படியே இருக்குது பாருங்க, சோலுதான் செத்துப் போச்சு."

"மூணு தடவதாண்ணா போட்டேன்."

"போடாம வெச்சதுதான் தப்பு."

அப்போது எனக்கு நம்பிக்கை வரவில்லை. பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன், அவர் சொன்னதில் பெரும்பகுதி உண்மை. அந்த மாதிரி லேசான சோல்களைப் பாலியூரித்தேன் என்ற பொருளில் வார்க்கிறார்கள். காற்றில் இருக்கும் ஈரம் உள்ளே புகுந்து அதன் கட்டமைப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக அறுத்துக்கொண்டே வரும். நான்கைந்து வருடம் டப்பாவிலேயே கிடந்தால் மேல்பாகம் புத்தம் புதிதாக இருக்கும், அடி மட்டும் மாவாகிவிடும். பீரோவில் "விசேஷத்துக்கு" என்று எடுத்து வைத்திருக்கிற ஷூ யாரிடமாவது இருந்தால், கிளம்புவதற்கு முதல் நாள் சோலை நன்றாக வளைத்துப் பார்த்துவிடுங்கள். வெடிப்பு தெரிந்தால் வேறு ஷூ போட்டுக்கொண்டு போங்கள்.

நான் மருந்துக் கம்பெனி ரெப். ஷூ என்பது எங்களுக்கு அலங்காரம் இல்லை, சீருடை. ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு டாக்டர்கள். செர்ரி ரோடு, ஐந்து ரோடு, வாரத்தில் ஒரு நாள் ஓமலூர், ஒரு நாள் ஆத்தூர். காத்திருப்பது பாதி, நடப்பது பாதி. இத்தனைக்கும் அதுவரை ஷூ வாங்கியது எப்படி? பளபளப்பைப் பார்த்து, விலையைக் கேட்டு, பேரம் பேசி. எட்டு மாதத்துக்கு ஒன்று தேயும், அடுத்தது வாங்குவேன். அதில் வெட்கப்பட வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. என் அப்பா செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருந்தவர். யார் ஒரு கொலுசைக் கொடுத்தாலும் அவர் முகப்பைப் பார்க்க மாட்டார். கவிழ்த்துப் போட்டு, கண்ணிக்குக் கண்ணி விரலை ஓட்டுவார். "மெருக யாரு வேணா போடலாம்டா. பத்தவெச்ச இடத்தப் பாரு" என்பார். பட்டறையில் வளர்ந்தவன் நான், ஷூவை ஒரு தடவைகூடக் கவிழ்த்துப் பார்த்தது கிடையாது.

கவிழ்த்துப் பார்க்க வைத்தது இன்னொரு ஜோடி. என் மனைவியின் பெரியப்பா ஏற்காட்டில் காப்பி எஸ்டேட்டில் ரைட்டராக இருந்தவர். அந்த மலையில் 1820களிலேயே காப்பியைக் கொண்டுவந்தவர் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் என்று ஏற்காட்டில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். வெள்ளைக்காரத் துரைமார் சிலர் சுதந்திரத்துக்குப் பிறகும் அங்கே தங்கியிருந்தார்கள். அப்படி ஒரு துரை ஊருக்குப் போகும்போது பெரியப்பாவுக்கு ஒரு ஜோடி ஷூவைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். அவருக்கு அது பெரிது. அப்படியே மரப்பெட்டியில் கிடந்தது. அவர் காலமான பிறகு வீட்டை ஒழித்தபோது பெரிய அத்தை, "மாப்பிள்ளைக்குக் கால் பெருசு, சேருமான்னு பாருங்க" என்று எடுத்துக் கொடுத்தார்.

முதலில் பார்த்தபோது அது ஷூ மாதிரியே இல்லை. வெள்ளையும் பச்சையுமாகப் பூஞ்சை படர்ந்து, ஏதோ பலாப்பிஞ்சு போல இருந்தது. ஏற்காட்டில் 1500 மீட்டர் உயரத்தில் மூடிய பெட்டிக்குள் தோல் சாமான் எதை வைத்தாலும் ஒரு மழைக்காலத்தில் அந்தக் கதிதான். வெளியே வெயில் படாத இடத்தில் காற்றாட வைத்து, பூஞ்சையைத் துடைத்தேன். துடைக்கத் துடைக்க உள்ளே இருந்து கரும்பழுப்பு நிறத்தில் தோல் எட்டிப் பார்த்தது. மூக்குப் பகுதியில் இறக்கை விரித்தது போல ஒரு வளைவு, அதன் விளிம்பெல்லாம் பொடிப் பொடியாகத் துளைகள். உள்ளே தங்க எழுத்து பாதி அழிந்துபோய், நார்த்தாம்ப்டன் என்ற ஊர்ப் பெயர் மட்டும் தெரிந்தது. இங்கிலாந்தில் நம் ஆம்பூர் போல, ஷூவுக்கென்றே பேர் போன ஊர் அது. அடியில், வலது காலில், ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்கு ஓட்டை.

அண்ணனிடம் கொண்டுபோனேன். அவர் அதைக் கையில் வாங்கிய விதமே வேறு. முதலில் கவிழ்த்தார். ஓரத்தில் நகத்தை ஓட்டிக்கொண்டே ஒரு சுற்று வந்தார். எனக்கு அப்பா ஞாபகம் வந்துவிட்டது.

"இத எங்க புடிச்சீங்க?" என்றார். கேள்விக்குப் பதில் வருமுன்பே, மூன்று பக்கமும் பாதம் போல இருக்கும் அந்த இரும்பின் மேல் ஷூவைக் கவிழ்த்து மாட்டிவிட்டார்.

அடுத்த ஒரு மணி நேரம் நான் நகரவில்லை. சோலின் ஓரத் தையலை மட்டும் வளைந்த கத்தியால் ஒவ்வொன்றாக அறுத்தார். மேல்பாகத்தை அவர் தொடவே இல்லை. சோல் தனியாக வந்ததும் உள்ளே கருத்த, பொடிந்த ஒரு அடுக்கு. கார்க். பாட்டில் மூடிக்குப் போடும் அதே கார்க்தான். அதில் துரையின் பாதம் அப்படியே பதிந்திருந்தது. குதிகாலில் ஆழமாக, பெருவிரலுக்குக் கீழே ஆழமாக, நடுவில் மேடாக. யாரென்றே தெரியாத ஒருவரின் கால் தடத்தை அறுபது வருடம் கழித்து சேலம் பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து பார்க்கிறேன் என்று நினைத்தபோது உடம்பு ஒரு மாதிரி ஆனது.

கார்க்கைச் சுரண்டி எடுத்த பிறகு சூட்சுமம் தெரிந்தது. கால் படும் உள்தோலின் அடியில் சுற்றிலும் ஒரு சின்ன வரப்பு. மேல்தோல், அதன் உள்துணி, அப்புறம் ஒரு விரல்கடை அகலத் தோல் பட்டை, மூன்றையும் சேர்த்து அந்த வரப்போடு ஒரு தையல். அந்தப் பட்டைக்கு வெல்ட் என்று பெயர். சோலை ஷூவோடு தைப்பதில்லை. வெளியே நீட்டிக்கொண்டு இருக்கும் இந்தப் பட்டையோடு தனியாகத் தைக்கிறார்கள். அதனால் சோல் தேய்ந்தால் வெளித்தையலை அறுத்து, புது சோலை வைத்து, மறுபடி பட்டையோடு தைத்துவிடலாம். உள்தையலுக்கு ஒன்றும் ஆகாது. கழற்றுவதற்கென்றே யோசித்துக் கட்டிய பொருள்.

இந்த வேலையைக் கையால் செய்வது பழங்காலத்தில் இருந்தே உண்டு. அதை மெஷினுக்குக் கொண்டுவந்தது அமெரிக்காவின் சார்லஸ் குட்இயர் ஜூனியர், 1870களில். ரப்பரைக் கந்தகம் சேர்த்துப் பதப்படுத்தும் முறையைக் கண்டுபிடித்தவரின் மகன். அதனால் குட்இயர் வெல்ட் என்றே பெயர் நிலைத்துவிட்டது. அதற்கு முன்பே, 1856இல், லைமன் பிளேக் என்பவர் வேறொரு மெஷின் செய்திருந்தார். அது உள்தோலில் இருந்து சோல் வரை நேராக ஒரே தையல் போடும். பிளேக் தையல் ஷூ மெலிந்து, லேசாக, அழகாக இருக்கும், இத்தாலிக்காரர்களுக்கு ரொம்பப் பிடிக்கும். ஆனால் தையல் ஓட்டை வழியே ஈரம் உள்ளே ஏறும், மறுபடி தைக்க அதே மெஷின் வேண்டும். மழையில் பைக்கில் போகிறவனுக்கு அது சரிப்படாது.

"நம்மகிட்ட மெஷின் இல்ல, கையிலதான் போடணும், அவசரப்படக் கூடாது" என்றார் அண்ணன். சோல் தோல் சென்னையில் பெரியமேட்டில் இருந்து வந்து சேர்வதற்கே மூன்று வாரம் ஆனது. பழைய தையல் ஓட்டையிலேயே குத்தூசியை விட்டு, மெழுகு தடவிய நூலை இரண்டு பக்கமும் இழுத்து இழுத்துப் போட்டார். புதிதாக ஓட்டை போட்டால் பட்டை கிழிந்துவிடுமாம். கார்க்குக்கு மட்டும் எங்கெங்கோ அலைந்து, கடைசியில் ஸ்டேஷனரி கடையில் அறிவிப்புப் பலகைக்கு விற்கிற ஷீட்டை வாங்கிக் கொடுத்தேன். வெட்டி ஒட்டினார். இன்றுவரை நன்றாகத்தான் இருக்கிறது.

அந்த மூன்று வாரத்தில் அவரிடம் பேசியதில்தான் தோலைப் பற்றியும் கொஞ்சம் தெரிந்தது. நம் பக்கத்துக் காட்டில் மஞ்சளாகப் பூத்துக் கிடக்கும் ஆவாரையின் பட்டையும், பக்கத்து மலைகளில் பொறுக்கி விற்கும் கடுக்காயும்தான் ஒரு காலத்தில் தமிழ்நாட்டுத் தோலைப் பதப்படுத்தின. அப்படிப் பதப்படுத்திய தோல் கப்பல் ஏறி இங்கிலாந்துக்கே போனது. மரப்பட்டையில் ஊறப்போட்டால் வாரக்கணக்கில் ஆகும். இன்றைக்குப் பெரும்பாலும் குரோமியம் உப்புதான், ஓரிரு நாளில் வேலை முடியும், தோலும் மெத்தென்று இருக்கும். மேல்தோலுக்கு அது போதும். சோலுக்கு மட்டும் பட்டையில் பதமான கெட்டித் தோல்தான் நிற்கும். இதையெல்லாம் கையால் செய்தவர்களை ஊருக்கு வெளியே நிறுத்தியதும் நாம்தான். அவர்கள் செய்ததைத்தான் கண்ணாடி அலமாரியில் வைத்து விற்கிறோம். அண்ணனுக்கு டீ வாங்கிக் கொடுக்கும்போது, தனி கப் எடுக்கப் போன கடைக்காரரை ஒரு தடவை முறைக்க வேண்டி வந்தது. இது நடந்து ரொம்ப வருடம் ஆகவில்லை.

சரி, வாங்குகிற விஷயத்துக்கு வருகிறேன்.

துரை ஷூவை தினமும் போட முடியாது, கருப்பு வேறு வேண்டும். சென்னைக்கு ரயிலில் போகும்போதெல்லாம் ஜோலார்பேட்டை தாண்டினால் வாணியம்பாடி, ஆம்பூர். ஆம்பூர் என்றால் நமக்குப் பிரியாணிதான் ஞாபகம் வரும். வெளிநாட்டுக்காரனுக்கு அது ஷூ ஊர். வெல்ட் வைத்துத் தைத்த ஷூ நம் நாட்டிலேயே கிடைக்கிறது, லட்சக்கணக்கில் கொடுக்க வேண்டியதில்லை. என்னுடையது ஒன்பதாயிரத்துச் சொச்சம். வீட்டில் ரெண்டு நாள் யாரும் என்னோடு பேசவில்லை. ஏழாவது வருடம் ஓடுகிறது, இரண்டு தடவை சோல் மாற்றியாகிவிட்டது. கணக்குப் போட்டுக் காட்டிய பிறகும் முழுச் சமாதானம் ஆகவில்லை, அது வேறு.

கடையில் ஷூவை எடுத்ததும் கவிழ்த்துப் பாருங்கள். ஓரப் பட்டையின் மேல் தையல் தெரிகிறதா, அதே தையல் சோலின் அடியிலும் இறங்கியிருக்கிறதா? ஏமாற்று இங்கேதான். ஒட்டின சோலின் மேல் சும்மா அழகுக்கு ஒரு தையல் வரி போட்ட பட்டையை ஒட்டிவைப்பார்கள். மேலே தையல் இருக்கும், கீழே ஒன்றும் இருக்காது. நான் முதலில் வாங்கப் போனது அப்படி ஒன்றுதான், கடைக்காரர் "முழுக்கத் தச்சது சார்" என்று சத்தியம் பண்ணினார். விலை உயர்ந்த ஷூவில் சோல் தோலைக் கீறி, தையலை அதற்குள் வைத்து மூடியும் விடுவார்கள், அதனால் அடியில் தையல் தெரியவில்லை என்பதாலேயே போலி என்றும் சொல்லிவிட முடியாது. அப்போது "சோல் மாத்தித் தருவீங்களா?" என்று கேளுங்கள். பதில் வருகிற வேகத்திலேயே தெரிந்துவிடும்.

அடுத்தது தோல். கட்டைவிரலை வைத்து மெல்ல அழுத்தினால் நல்ல தோலில் மெல்லிய ரேகைகள் ஓடி, விரலை எடுத்ததும் மறையும். மேல்பரப்பைத் தேய்த்துவிட்டு அதன் மேல் பூச்சுப் பூசிய தோல் கண்ணாடி போல மின்னும், மடியும் இடத்தில் பட்டைபட்டையாகச் சுருக்கம் விழும், அப்புறம் வெடிக்கும். என் கல்யாண ஷூ மின்னியது அப்படித்தான். இரண்டு காலையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். தோலை வெட்டுகிறவர் கைகாரர் என்றால் வலதுக்கும் இடதுக்கும் ஒரே மாதிரி இடத்தில் இருந்து வெட்டியிருப்பார். வயிற்றுப் பக்கத் தோல் தொளதொளவென்று நீளும், முதுகுத் தோல்தான் நிற்கும். ஒரு கால் வழவழப்பாகவும் இன்னொன்று சொரசொரப்பாகவும் இருந்தால் அந்த ஜோடியை வைத்துவிட்டு வேறு கேளுங்கள்.

அளவு விஷயத்தில் நம் ஆட்கள் எல்லாருக்கும் ஒரே சிக்கல். சின்ன வயதில் வெறுங்காலோடும் செருப்போடும் திரிந்த கால், முன்பக்கம் விரிந்திருக்கும். நீளத்தை மட்டும் பார்த்து வாங்கினால் சுண்டுவிரல் செத்துவிடும். அகலம் இறுக்குகிறது என்று ஒரு நம்பர் பெரிதாக வாங்கினால் குதிகால் கழன்று கழன்று வரும். நான் அந்தத் தப்பைப் பத்து வருடம் செய்தேன். அகலத்துக்குத் தனி அளவு உண்டு, ஷூவைக் கால் வடிவக் கட்டை ஒன்றின் மேல் வைத்துத்தான் செய்வார்கள், நல்ல கடையில் கேட்டால் அகலமான கட்டையில் செய்ததை எடுத்துத் தருவார்கள். சாயங்காலம் போய் வாங்குவது உத்தமம். சேலம் வெயிலில் நாள் முழுக்க நடந்தால் கால் கொஞ்சம் வீங்கித்தான் இருக்கும், அந்தக் காலுக்குத்தான் ஷூ.

லேஸ் துளைகள் இருக்கும் இரண்டு மடல்களும் முன்தோலுக்கு அடியில் போய் மூடினால் ஆக்ஸ்ஃபோர்ட், மேலே திறந்து நின்றால் டெர்பி. சூட்டுக்கு ஆக்ஸ்ஃபோர்ட்தான் மரபு என்பார்கள், பார்க்கவும் அதன் கோடு சுத்தமாக இருக்கும். ஆனால் மேல்பாதம் உயர்ந்த காலுக்கு அது மூடவே மூடாது, ‘வி’ போல விரிந்து நின்று மானத்தை வாங்கும். எனக்கு டெர்பிதான். அப்புறம், ஒவ்வொரு கிளினிக் வாசலிலும், வீட்டு வாசலிலும், கோயில் வாசலிலும் கழற்றிவிடுகிற ஊரில் லேஸ் கட்டுவதே ஒரு தவம். பக்கிள் வைத்த மாங்க் ஷூ ஒன்று வாங்கிக்கொண்டால் அரை நிமிடம் மிச்சம். துளை போட்ட ப்ரோக் வகையை முன்பு நான் டம்பம் என்று நினைத்தேன். அயர்லாந்து, ஸ்காட்லாந்துச் சேற்றில் நடந்தவர்களின் ஷூவில் தண்ணீர் வடிய இருந்த ஓட்டைகள்தான் பின்னால் வெறும் அலங்காரமாகின என்பார்கள். அது தெரிந்த பிறகு துரை ஷூ மேல் பிரியம் கூடிவிட்டது. ஏற்காட்டு மழைக்குப் பொருத்தம்தானே!

பராமரிப்பில் நான் செய்யாத தப்பு கிடையாது. தோல் காய்ந்திருக்கிறதே என்று தேங்காய் எண்ணெய் தடவினேன். இரண்டு நாள் ஜம்மென்று இருந்தது, பிறகு திட்டுத் திட்டாகக் கருத்து, தூசியெல்லாம் அதில் ஒட்டிக்கொண்டது. நனைந்த ஷூவை மொட்டை மாடி வெயிலில் வைத்தேன், மரக்கட்டை போல விறைத்து, மடிப்பில் கீறல் விட்டது. இப்போது நனைந்தால் உள்ளே தினத்தந்தியைச் சுருட்டித் திணித்து, ஃபேன் காற்றில் பக்கவாட்டில் சாய்த்து வைக்கிறேன். ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவை பேப்பரை மாற்ற வேண்டும், நனைந்த பேப்பரை அப்படியே விட்டால் பிரயோஜனம் இல்லை. முக்கியமான ஒன்று: ஒரே ஷூவை அடுத்தடுத்த நாள் போடாதீர்கள். ஒரு நாள் வியர்வையைத் தோல் குடித்திருக்கும், அது வெளியேற ஒரு நாளாவது வேண்டும். இரண்டு ஜோடி மாற்றி மாற்றிப் போட்டால் இரண்டும் இரண்டு மடங்குக்கு மேலேயே உழைக்கும் என்பது என் அனுபவம். ராத்திரி உள்ளே மரக்கட்டை செருகி வைத்தால் மூக்கு மடங்காது.

பாலிஷ் வாரம் ஒரு முறை போதும். முதலில் தூசியைக் குதிரைமுடி பிரஷ்ஷால் தட்ட வேண்டும், அதைச் செய்யாமல் பாலிஷ் போட்டால் மண்ணையும் சேர்த்துத் தேய்த்ததாகிவிடும். மாதம் ஒரு முறை க்ரீம், அது தோலுக்குச் சாப்பாடு. டப்பா மெழுகு பாலிஷ் வெறும் மேக்கப். கண்ணாடிப் பளபளப்பு வேண்டும் என்றால் பழைய பனியன் துணியை விரலில் சுற்றி, துளி மெழுகு, துளி தண்ணீர், சின்னச் சின்ன வட்டமாக அரை மணி நேரம். மூக்கிலும் குதியிலும் மட்டும் போடுங்கள். மடிகிற இடத்தில் போட்டால் மெழுகு பொருக்குப் பொருக்காக உதிரும். ஞாயிற்றுக்கிழமை காலையில் திண்ணையில் உட்கார்ந்து இதைச் செய்யும்போது அப்பா மெருகு போடும் சத்தம் காதில் கேட்பது போல இருக்கும். ஷூவை மாட்டும்போது குதிகாலை மிதித்து நுழைக்கக் கூடாது. ஷூ ஹார்ன் இல்லையென்றால் சமையலறைக் கரண்டிக் காம்பு போதும், வீட்டில் பார்க்காதபடி.

போன ஆடியில் வேலை முடிந்து அப்படியே கோட்டை மாரியம்மனைப் பார்க்கப் போனேன். வாசலில் கால் வைக்க இடமில்லாத கூட்டம். காலில் துரையின் ஷூ. விட்டுவிட்டுப் போக மனசு வரவில்லை, அம்மனைப் பார்க்காமல் திரும்பவும் மனசு வரவில்லை. கடைசியில் இடது காலைத் தேங்காய்க் கடை ஓரத்திலும், வலது காலை எதிர்ப்பக்கம் தூண் அடியிலும் விட்டுவிட்டு உள்ளே போனேன். ஒற்றை ஷூவை எவன் எடுப்பான்? அர்ச்சனைத் தட்டு கையில் இருந்தாலும் பாதி நினைப்பு வெளியேதான். வந்து பார்த்தேன். இடது அப்படியே இருந்தது. தூண் அடியில் வலதும் இருந்தது. அதற்குள்ளே, பத்திரமாக இருக்கட்டும் என்று, யாரோ தங்கள் குழந்தையின் கீச்சுச் செருப்பு இரண்டையும் செருகி வைத்துவிட்டுச் சாமி கும்பிடப் போயிருந்தார்கள். எடுக்கவும் முடியாமல், கிளம்பவும் முடியாமல், அவர்கள் வரும்வரை அந்தத் தூணிலேயே சாய்ந்து நின்றேன்.